நிந்தவூருக்கு எத்தனை எழுத்து?

கல்முனையிலிருந்து தெற்கே போகிற பஸ் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் கரையோரத்தில் ஓடுகிறது. யன்னலோரம் இருப்பவர் கடை, பாடசாலை, வங்கி, பிரதேச சபை என்று பெயர்ப்பலகைகளில் தமிழை மட்டும் வாசித்துக்கொண்டு போனால் ஒரு குழப்பமும் இல்லை. ஆங்கிலத்துக்குக் கண்ணைத் திருப்பினால்தான் சிக்கல். நிந்தவூர் ஒரு பலகையில் ஒரு விதமாகவும், நூறு யார் தாண்டி இன்னொரு விதமாகவும் நிற்கும். காரைதீவு ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் குறுகியும் கிடக்கும். சம்மாந்துறையை எழுதுவதற்கு எத்தனை வழி உண்டென்று அந்த ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மேலே போவதற்கு முன் ஓர் ஏற்பாடு. ஆங்கில நெடுங்கணக்கின் 20ஆவது எழுத்தை இலங்கைத் தமிழ் வழக்கப்படி ‘ரீ’ என்றும், 4ஆவது எழுத்தை ‘டீ’ என்றும், 8ஆவது எழுத்தை ‘எச்’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. கரையோரத்து ஊர்ப் பெயர்களின் தலைவிதி பெரும்பாலும் இந்த மூன்று எழுத்துகளின் கையில்தான் இருக்கிறது.

காலனி ஆட்சிக்காரர் விட்டுப்போன ஊர்ப் பெயர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உலகம் முதலில் ஆபிரிக்காவைப் பார்க்கும். பெல்ஜிய மன்னனின் பெயரைச் சுமந்த லெயோபோல்ட்வில் 1966இல் கின்சாசா ஆனது. காம்பியாவின் பாதர்ஸ்ட் 1973இல் பாஞ்சுல் ஆனது. மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கேஸ் 1976இல் மபுட்டோவாகவும், சிம்பாப்வேயின் சலிஸ்பரி 1982இல் ஹராரேயாகவும் மாறின. இவையெல்லாம் பழைய பெயரைத் தூக்கி எறிந்து புதிய பெயரைச் சூடிய ஊர்கள். கொடியேற்றத்தோடு நடக்கிற காரியம் என்பதால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

இதைவிட முரண்டு பிடிக்கிற இன்னொரு வகை உண்டு. பெயர் சொந்தப் பெயர்தான், எழுத்துக்கூட்டல் மட்டும் அந்நியன் செய்தது. மேல் வோல்டா என்ற நாடு 1984இல் புர்கினா பாசோ ஆயிற்று. அதன் தலைநகர் வாகடூகுவோ இன்றும் பிரெஞ்சுக்காரன் காதுக்கேற்ற எழுத்துக்கூட்டலில்தான் வரைபடத்தில் இருக்கிறது. ‘வா’ என்ற ஓர் ஒலியை எழுதப் பிரெஞ்சில் மூன்று உயிரெழுத்து வேண்டும். அந்த மூன்றும் அப்படியே நிற்கின்றன. சோமாலியா 1972இல் தன் மொழிக்கு இலத்தீன் எழுத்தை ஏற்றுக்கொண்டு தலைநகரைத் தன் ஒலிப்படி ‘முக்திஷோ’ என்று எழுதத் தொடங்கியது. உலகப் பத்திரிகைகள் மொகாதிசுவை விடவில்லை. நாட்டின் பெயரை ஒரு சட்டத்தால் மாற்றலாம். ஓர் எழுத்தை மாற்றுவதென்றால் ஆயிரம் கந்தோர்களின் கைப்பழக்கத்தை மாற்றவேண்டும்.

அம்பாறைக் கரையோரம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

முதல் வகை இங்கே ஏன் அரிது என்பதற்குப் புவியியலிலேயே பதில் இருக்கிறது. கோட்டையும் துறைமுகமும் ரயிலும் இருந்த இடங்களில்தான் வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். யாழ்ப்பாணத் தீவுகளுக்கு டச்சுக்காரர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களையே சூட்டினார்கள்: காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் பிழைத்திருக்கிறது. பருத்தித்துறை ஆங்கிலத்தில் பொயின்ற் பீட்ரோ. கற்கள் நிறைந்த முனை என்று போர்த்துக்கேயர் சொன்னதைப் பிற்பாடு வந்தவர்கள் பேதுரு என்ற ஆளாக்கிவிட்டார்கள். மட்டக்களப்புக் கோட்டைக்குத் தெற்கே பொத்துவில் வரை அப்படியொரு கோட்டை இல்லை. ரயில் பாதையும் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. ஆகவே கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று குடிகள் சொன்ன பெயர்களையே எழுதுவினைஞர்கள் ஆங்கிலத்தில் ஏற்றினார்கள். சூட்டிய பெயர்கள் கிடைப்பது உள்நாட்டு மலைகளில்தான். கடலில் போகிற மாலுமிக்குத் திசை காட்டிய மலைகள் அவை: சியம்பலாண்டுவப் பக்கத்துக் கோவிந்தஹெல ‘வெஸ்ற்மின்ஸ்ரர் அபே’ ஆனது, வடக்கே குடும்பிமலை ‘பரன்ஸ் கப்’ ஆனது. கரையில் வாழ்ந்தவர்கள் இவற்றை ஒருபோதும் இந்தப் பெயர்களில் அழைத்ததில்லை. பழைய வரைபடங்களில் மட்டும் அவை தூங்குகின்றன.

ஆனால் ஒரு பெரிய பெயர் இந்தக் கரையையும் மூடியது. அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது 1961இல். அதுவரை கல்முனையும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்கள். 1602இல் டச்சுக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் அங்கே வந்திறங்கியபோது அவன் தரப்புக் குறிப்பில் ஊரின் பெயர் ‘மட்டெகலோ’ என்று மகரத்தோடுதான் இருந்தது. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள், டச்சுக்காரர் 1638இல் அதைப் பிடித்தார்கள். இந்தக் கைமாற்றங்களுக்கு நடுவே மகரம் பகரமாகி, ‘பட்டிக்கலோ’ என்று ஆங்கிலத்தில் உறைந்துவிட்டது. தமிழிலும் சிங்களத்திலும் மகரம் அசையவில்லை. கரையோரத்து மூத்த தலைமுறையின் ஆங்கிலப் பத்திரங்களில் பிறந்த மாவட்டம் என்ற கட்டத்தில் அந்தப் பகரமே இருக்கும்.

அதே பத்திரங்களில் இன்னொரு கட்டம் இருக்கிறது: இனம். தமிழில் ‘இலங்கைச் சோனகர்’. ஆங்கிலத்தில் ‘மூர்’. ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையில் வாழ்ந்த முஸ்லிம்களைக் குறிக்க ஐபீரியர்கள் வைத்திருந்த சொல் அது. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் முஸ்லிம்களைக் கண்டதும் கையிலிருந்த அந்தப் பழைய முத்திரையையே குத்தினார்கள். மொரோக்கோவைக் கண்ணால் காணாத சாய்ந்தமருதுக் குழந்தைக்கும் அந்தப் பெயர் இன்றும் குடிசன மதிப்பீட்டில் தொடர்கிறது. ஆபிரிக்காவின் ஊர்ப் பெயர்களை ஐரோப்பியர் கெடுத்த கதையைப் பேசுகையில், ஆபிரிக்கப் பெயர் ஒன்றை அவர்கள் கல்முனை வரை இழுத்து வந்த கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழில் தகரமும் டகரமும் றகரமும் வேறு வேறு. ஆங்கிலேயனின் காதுக்கு மூன்றும் ஒன்று. அதனால் ‘ரீ’ எழுத்தை இரட்டித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டான். ஒரே கரையில் அதன் விளைவைப் பாருங்கள்: மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயரில் இரட்டை ‘ரீ’ என்றால் ட்ட. பொத்துவிலில் அதே இரட்டை ‘ரீ’ என்றால் த்த. அக்கரைப்பற்றில் அதுவே ற்ற. அட்டாளைச்சேனையில் மட்டும் ட்ட என்பது இரட்டை ‘டீ’. இது தெரியாதவர் பலகையைப் பார்த்து வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரரே சாட்சி. அவர்கள் வாயில் பொத்துவில் ‘பொட்டுவில்’ ஆகித்தான் விழுகிறது. பாவம், அவர்கள் மேல் பிழையில்லை, எழுதியிருப்பதை வாசிக்கிறார்கள்.

இந்த இடத்தில் காலனிக் கால எழுதுவினைஞருக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். எல்லாவற்றையும் அவர்கள் காது கேளாமல் எழுதவில்லை. ‘பற்று’ என்பதை இந்தியத் தமிழர் எழுதினால் ‘ரீ’க்குப் பின்னால் ஓர் ‘ஆர்’ போட்டு எழுதுவார்கள். கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் ற்ற என்பதில் ரகர ஒலி கேட்பதே இல்லை. பஸ் கண்டக்டர் கூவுவது ‘அக்கரப்பத்து’ என்பதற்குக் கிட்டத்தான் இருக்கும். ஆங்கிலப் பெயர் அந்த வாய்வழக்கை ஏறக்குறைய அப்படியே பிடித்திருக்கிறது. ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஏற்றியவர்களில் பலர் தமிழ் அறிந்த உள்நாட்டவர்கள் என்பதும் மறந்துபோகிற செய்தி. இலங்கை ஊர்களுக்கு ஆங்கிலத்தில் அகரவரிசை விவரத் தொகுப்பு ஒன்றை 1834இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி தமிழர். மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி 1921இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய எஸ். ஓ. கனகரத்தினமும் அப்படியே.

எனவே ‘வெள்ளைக்காரன் கெடுத்தான்’ என்ற ஒற்றை வரியில் இந்த வழக்கு முடியாது. ஆங்கில ஆட்சிக் காலத்திலேயே ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் சத்தமில்லாமல் திருத்தப்பட்டும் இருக்கின்றன. டச்சுக் காலத்திலிருந்து வந்த ‘கல்பென்டைன்’ கல்பிட்டிய ஆனது. ‘கல்துறா’ களுத்துறை ஆனது. ‘புட்லம்’ புத்தளம் ஆனது. இவற்றுக்காக யாரும் ஊர்வலம் போகவில்லை. திருத்தம் வேண்டும் என்று நினைத்த அதிகாரிகள் வரைபடத்திலும் வர்த்தமானியிலும் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

தகரத்தையும் டகரத்தையும் பிரித்து எழுத முடியாது என்பது ஆங்கிலத்தின் இயலாமை. எழுத்து இரவல் வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லித் தப்ப முடியாதபடி ஒரு மறுசாட்சி இந்தக் கரையோரத்து முஸ்லிம் வீடுகளிலேயே இருந்தது: அரபுத்தமிழ். அரபு எழுத்தில் பகரம் இல்லை, டகரம் இல்லை, ணகர ளகரங்கள் இல்லை. தமிழை அந்த எழுத்தில் எழுத விரும்பிய மார்க்க அறிஞர்கள் இருக்கிற எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டி, இல்லாத ஒலிகளுக்கு வடிவம் உண்டாக்கினார்கள். அந்த ஏற்பாட்டில் தகரத்துக்கு ஓரெழுத்து, டகரத்துக்கு வேறெழுத்து. பொத்துவிலைப் பொட்டுவிலாக வாசிக்க வழியே இல்லை. மாலைத் தொகுதிகளும் மார்க்க நூல்களும் கடிதங்களும் அந்த எழுத்தில் இந்தியாவின் காயல்பட்டினத்திலிருந்து இலங்கைக் கரைகள் வரை புழங்கின. காலனி அரசின் எழுத்து சாதிக்காததை மதரசாவின் எழுத்து சில புள்ளிகளால் சாதித்தது என்றால், அங்கே ஒலி முக்கியம் என்று நினைத்தார்கள், இங்கே நினைக்கவில்லை என்பதுதான் பொருள்.

கல்முனைக்கு இந்தத் தொல்லையே இல்லாதது அதன் அதிர்ஷ்டம். அந்தப் பெயரில் தகரமும் இல்லை, டகரமும் இல்லை. ஒலுவிலும் பாலமுனையும் அப்படியே தப்பின. மாட்டிக்கொண்டவை மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில்.

1947 பொதுத் தேர்தலில் கல்முனையும் பொத்துவிலும் தனித் தொகுதிகள். 1960இல் நிந்தவூரும் அம்பாறையும் தொகுதிகளாயின. தேர்தல் ஆவணங்களில் நிந்தவூருக்குத் தனி ‘ரீ’. பிற்காலத்துக் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் ‘ரீ’யோடு ‘எச்’ சேர்ந்தது. இடையில் ‘டீ’ போட்டு எழுதுகிற வழக்கும் ஒன்று உண்டு. ந்த என்பதை மெல்லொலியாகக் கேட்கிறவர்கள் அப்படி எழுதுவார்கள். மூன்றும் ஒரே ஊர். மூன்றுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. காலனி ஆட்சி விட்டுப்போன ‘ரீ’யைச் சுதந்திரத்துக்குப் பின் ஊரவர்கள் தாங்களே ‘ரீ-எச்’ ஆக்கிக்கொண்டார்கள் என்று இதைப் பார்க்கலாம். சாய்ந்தமருதுக்காரர் இன்று இரண்டு தகரத்துக்கும் ‘எச்’ போட்டு எழுதுவது அந்தப் பழக்கத்தின் முதிர்ந்த நிலை. உத்தரவு எதுவும் இல்லாமல், பாடசாலை இலச்சினையிலும் விளையாட்டுக் கழகப் பலகையிலும் தொடங்கி, மெல்ல அரசாங்கத்துக்குள் ஏறிய திருத்தம் இது.

அதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்தும் ஒரு காற்று அடித்தது. கொழும்பில் தயாராகும் ஆங்கிலப் பட்டியல்கள் பலவற்றில் தமிழூர்ப் பெயர்கள் சிங்கள ஒலிப்பின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி நகரம் எழுந்தபோது ஆங்கிலத்தில் ‘அம்பாறை’ என்று ஐகாரத்தோடு எழுதும் வழக்கு இருந்தது. தேர்தல் தொகுதியின் பெயரும் அதுதான். இப்போது ஐகாரம் போய் ‘அம்பார’ மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1978 அரசியலமைப்பின் கீழ் வந்த தேர்தல் மாவட்டத்துக்கு, உருகுணையின் பழைய பெயரொன்றைத் தழுவி, ‘திகாமடுல்ல’ என்று பெயர் வைத்தார்கள். அதனால் கல்முனைக்காரர் வரி கட்டுவது ஒரு மாவட்டத்தில், வாக்களிப்பது இன்னொரு பெயருள்ள அதே மாவட்டத்தில். இறக்காமத்தை ‘எரகம’ என்று தேடினால்தான் சில பட்டியல்களில் அகப்படும். காரைதீவு ஐகாரத்தைப் பறிகொடுத்துக் ‘கரதீவு’ ஆகிக் கிடக்கிறது. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊரைத் தேடும் மாணவன் புத்தளத்துக்கு அருகேயுள்ள அதே பெயர்த் தீவில் போய் இறங்கினாலும் ஆச்சரியமில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த மூன்றாவது காரைதீவு, குழப்பம் வேண்டாமென்று கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தன்னைக் காரைநகர் ஆக்கிக்கொண்டு விலகிவிட்டது.

சிங்கள வழி வந்ததெல்லாம் கெடுதல் என்றும் சொல்வதற்கில்லை. சிங்களத்துக்குத் தகர டகர வேறுபாடு நன்றாகத் தெரியும். பொத்துவிலைச் சிங்களவர் ‘பொதுவில்’ என்று தகரத்தோடு சொல்கிறார்கள். அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘ரீ-எச்’ வடிவம், ஆங்கிலேயன் விட்டுப்போன இரட்டை ‘ரீ’யைவிடத் தமிழ் ஒலிக்குக் கிட்டியது. பிழை மொழியில் இல்லை. கேட்காமல் எழுதுவதில்தான் இருக்கிறது.

கேட்காமல் எழுதினால் பெயர் எவ்வளவு தூரம் சுற்றி வரும் என்பதை 2020 செப்டெம்பரில் பார்க்க முடிந்தது. ‘நியூ டயமன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பற்றியது. கரையில் கிட்டிய இடம் தீவின் கிழக்கு அந்தமான சங்கமன்கண்டி முனை. பொத்துவிலுக்கும் திருக்கோவிலுக்கும் இடைப்பட்ட அந்த இடம் ஆங்கில அறிக்கைகளில் ‘சங்கமன்கந்த’ என்று இருந்தது. உலகச் செய்தி நிறுவனங்கள் அதையே பரப்பின. அந்த ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த தமிழ்ச் செய்திகள் சில சங்கமன்கண்டியைச் ‘சங்கமன்கந்த’ என்றே அச்சிட்டன. தமிழிலிருந்து கிளம்பிச் சிங்களம், ஆங்கிலம் என்று சுற்றி, சொந்த வீட்டுக்கே வேற்றாளாகத் திரும்பிவந்த பெயர் அது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடா பற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தபோதும் இதே கதை. அறுகம்புல்லின் றகரம் போய், குடாவும் போய், ‘அருகம்பே’ என்று தமிழ்த் தலைப்புகள் வந்தன. இதற்கு எந்தக் காலனி ஆட்சியைக் குற்றம் சொல்வது? தமிழ்ச் செய்தி மேசையில் இருப்பவர் உள்ளூர் நிருபருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம்.

பாணமையின் பாடு வேடிக்கையானது. ஆங்கிலத்தில் அது ‘பனாமா’. இணையத்தில் தேடினால் முதலில் வருவது மத்திய அமெரிக்கக் கால்வாய்.

இதெல்லாம் பண்டிதர்களின் கவலை, வேலை வெட்டி உள்ளவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வேலைக்குப் போகிறவர்கள்தான் இதில் முதலில் அடிபடுகிறார்கள். இந்தக் கரையோரத்தில் கட்டாரும் சவூதியும் குவைத்தும் காணாத குடும்பம் குறைவு. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்குவார். ஊர்ப் பெயருக்குக் கைக்கு வந்த எழுத்துக்கூட்டல். பாடசாலை விடுகைப் பத்திரத்தில் வேறொன்று. கடவுச்சீட்டில் மூன்றாவது. பொலிஸ் நற்சான்றில் நான்காவது. அங்கே போனதும் எல்லாம் அரபு எழுத்துக்கு மாறும். அரபில் பகரம் இல்லாததால் பொத்துவிலின் முதலெழுத்து ‘பே’ ஆகிவிடும். அதைத் திரும்ப ஆங்கிலத்தில் ஏற்றுகிறவர் மெல்லொலி எழுத்தைப் போட்டால் புதியதோர் ஊர் பிறந்துவிடும். கடைசியில் ஒரு நாள் இரண்டு பத்திரத்தையும் மேசையில் வைத்து இரண்டும் ஓரூர்தானா என்று யாரோ கேட்பார்கள். உடனே சட்டத்தரணியிடம் ஓடி, இந்த ஊரும் அந்த ஊரும் ஒன்றே என்று சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். ஓர் ‘எச்’ கூடியதற்கும் குறைந்ததற்கும் முத்திரைச் செலவு, ஒரு நாள் கூலி, பஸ் காசு.

காணி உறுதிகளில் நிலைமை இன்னும் சிக்கல். பழைய உறுதிகளில் ‘கரைவாகுப்பற்று’ என்று எல்லை சொல்லப்பட்டிருக்கும். இன்றைய பிரதேச செயலகப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அக்கரைப்பற்றின் பழம்பெயரான கருங்கொடித்தீவு இன்னும் பின்னால் போய்விட்டது. வட்டைக்காணிக்கு வழக்குப் பேசப் போகிறவர் எந்தப் பெயர் எந்த இடம் என்பதை முதலில் நிரூபிக்கவேண்டியிருக்கிறது.

2004 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெளியிலிருந்து வந்த நிவாரணக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பட்டியல். மருதமுனையும் சாய்ந்தமருதும் ‘டீ’ போட்ட பட்டியலில் ஓரிடத்திலும், ‘ரீ-எச்’ போட்ட பட்டியலில் வேறோரிடத்திலும் நிற்கும்போது இரண்டையும் ஒன்றாக்கக் கணினிக்குத் தெரியாது. அனர்த்த காலத்தில் ஊர்ப் பெயர் ஒரு முகவரி. அது ஒன்றாக இருந்தாகவேண்டும். தபால் திணைக்களம் இதை எண்ணால் தாண்டிவிட்டது: கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400, பொத்துவில் 32500. எண்ணில் மூன்று எழுத்துக்கூட்டல் வராது.

இப்படிக் குறைப்படும் கரையோரத்தவர் தாங்கள் எழுதும் ஊர்ப் பெயர்களையும் ஒரு தரம் பார்ப்பது நல்லது. அல்-அஸ்ஹரில் படித்துத் திரும்பிய மௌலவி ‘காஹிரா’ என்பார். அவர் வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகை ‘கெய்ரோ’ என்னும். அல்ஜஸாயிர் தமிழில் அல்ஜியர்ஸ் என்றும், தராபுலுஸ் திரிபோலி என்றும், தாருல்பைளா கசாபிளாங்கா என்றும் வருகின்றன. இத்தனைக்கும் 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா பிறந்த ஊரின் அரபுப் பெயர் தன்ஜா. தமிழ்ப் பாடநூல் பழக்கத்தில் அது டான்ஜியர். அவர் பயண நூலில் கொழும்பு ‘கலன்பு’ என்று இருக்கிறது. போர்த்துக்கேயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய பதிவு அது. கொழும்பு போர்த்துக்கேயர் வைத்த பெயர் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆனால் ஓர் ஊரை மட்டும் கல்முனைத் தமிழ் ஒருபோதும் ஐரோப்பிய வழியில் எழுதவில்லை: மக்கா. சவூதி அரசு 1980களில் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை அரபு ஒலிக்குக் கிட்டக் கொண்டுவந்து, அரச ஆவணங்களிலெல்லாம் அதையே நிலைநிறுத்தியது. பழைய ஆங்கில வடிவம் அகராதிகளில் இன்றும் உண்டு. ஆனால் விசாவிலும் விமானச் சீட்டிலும் வீதிப் பலகையிலும் ஒரே எழுத்துக்கூட்டல். எதைச் செய்தால் எழுத்து நிலைக்கும் என்பதற்குக் கண் முன்னால் இருக்கும் உதாரணம் இது.

எதைச் செய்தால் நிலைக்காது என்பதற்குத் தமிழ்நாடு. 2020 யூனில் அந்த மாநில அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஒரே உத்தரவில் வெளியிட்டது. கோயம்புத்தூரும் தூத்துக்குடியும் எழும்பூரும் நீண்ட புதிய கோலத்தில் வந்தன. வேலூரின் புதிய எழுத்துக்கூட்டல் ‘வீலூர்’ என்று வாசிக்கும்படி இருந்தது. எந்த முறைப்படி எழுதினார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. கேலியும் கண்டனமும் எழ, அதே மாதத்தில் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஊரவரைக் கேட்காமல், முறையொன்றை முன்கூட்டிச் சொல்லாமல், ஆயிரம் ஊரை ஒரே நாளில் தொட்டதுதான் பிழை.

இலங்கை அரசுக்கும் இதில் அனுபவம் உண்டு. சிலோன் 1972 மே 22இல் ஸ்ரீலங்கா ஆனது. அரச நிறுவனங்களின் பெயரிலிருந்தும் ‘சிலோன்’ நீக்கப்படும் என்று 2011 தொடக்கத்தில் அறிவித்தார்கள். மின்சார சபையின் ஆங்கிலப் பெயரில் அது அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தது. இலங்கை வங்கியின் ஆங்கிலப் பெயரிலும் அப்படியே. தேயிலைப் பெட்டியிலிருந்து அதை எடுக்க யாருக்கும் மனம் வராது, எடுக்கத் தேவையும் இல்லை.

அம்பாறைக் கரையில் இந்த விடயத்தைத் தொடவே பலர் தயங்குவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பெயர் என்றதும் இங்கே எல்லை ஞாபகம் வரும். கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரமும், சாய்ந்தமருதின் தனிச் சபைக் கோரிக்கையும் ஆறாத புண்கள். எந்தப் பெயர் எதுவரை என்ற சண்டை தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இடையிலும், முஸ்லிம் ஊர்களுக்குள்ளேயும் நடந்திருக்கிறது. ஆகவே எழுத்துக்கூட்டல் திருத்தத்தைப் பெயர் மாற்றத்திலிருந்து தள்ளியே வைக்கவேண்டும். இங்கே எந்த ஊரின் பெயரும் மாறவேண்டியதில்லை. காரைதீவும் திருக்கோவிலும் தமிழூர்கள், நிந்தவூரும் பொத்துவிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள். ‘ரீ’ எழுத்தின் கையில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் அகப்பட்டிருக்கிறார்கள். இரு சமூகமும் மனக்கசப்பில்லாமல் ஒரே மேசையில் இருந்து பேசக்கூடிய பெயர் விவகாரம் இது ஒன்றுதான்.

வேலையும் பெரிதல்ல. தகரத்துக்கு ‘ரீ-எச்’, டகரத்துக்கு ‘டீ’ என்ற வழக்கம் ஊரவர் கையில் ஏற்கெனவே படிந்திருக்கிறது. அதையே முறையாக்கினால் போதும். கல்முனை, ஒலுவில், பாலமுனை இருந்தபடி இருக்கட்டும். அக்கரைப்பற்றையும் தொடவேண்டாம், அதன் இரட்டை ‘ரீ’ ஊர் வாய்க்குப் பொருந்தி, மாநகர சபையின் பெயராகவும் வேரூன்றிவிட்டது. நிந்தவூர், சம்மாந்துறை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வடிவம் முடிவாகவேண்டும். முடிவானதை வர்த்தமானியில் போடவேண்டும். பழைய எழுத்துக்கூட்டலோடு உள்ள பத்திரங்கள் சத்தியக் கடதாசி இல்லாமலே செல்லும் என்று அதே அறிவித்தலில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், திருத்தம் சட்டத்தரணிகளுக்கு மட்டுமே வருமானம் தரும்.

சிக்கல் என்னவென்றால் இதற்கு ஒரு வாசல் இல்லை. வரைபடம் நில அளவைத் திணைக்களத்திடம். பட்டியல் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்திடம். வீதிப் பலகை வீதி அதிகார சபையிடம், பாடசாலைப் பெயர் கல்வி அமைச்சிடம். ஒவ்வொன்றும் மற்றதைப் பார்க்காமல் எழுதுகிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. பலகைகளில் தமிழ் வரி வந்தது. ஆங்கில வரி தமிழ் வரியைப் பார்த்து எழுதப்படவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. உள்ளூராட்சிச் சபைகள் கூடி, ஊருக்கு ஓர் எழுத்துக்கூட்டல் என்று தீர்மானம் நிறைவேற்றி, பள்ளிவாசல் நிர்வாகத்தினதும் கோவில் பரிபாலன சபையினதும் பாடசாலை அதிபர்களினதும் ஒப்பத்தோடு நான்கு கந்தோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பட்டும். வாசகர்களும் காத்திருக்கவேண்டியதில்லை. இணைய வரைபடங்களில் ஊர்ப் பெயர் பிழையாக இருந்தால் திருத்தம் அனுப்பும் வசதி ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள்.